எதிர்ப்பக்க நாற்காலி

"நேத்து நானே கஸ்டமரா உக்காந்தேன்டி."

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்திலிருந்த பெண்ணிடம் இப்படிச் சொன்னார். இரண்டு பேருமே ஜவுளிக்கடையின் காப்பிக் கலர் யூனிபார்ம் புடவையில் இருந்தார்கள்.

"என்னக்கா சொல்ற?"

"நீதான் லீவாச்சே. கடையில ஈ காக்கா இல்ல. ரோட்டுல போறவங்க கூட்டம்னு நெனச்சு வரட்டும்னு, மொதலாளி என்னைக் கலர் பொடவை கட்டிக்கினு உக்காரச் சொன்னாரு. நம்ம மல்லிகாதான் கவுன்ட்டர்ல நின்னு, எனக்குப் பட்டுப் பொடவையா விரிச்சா. மாம்பழக் கலரு, மயில்கழுத்துக் கலருன்னு மடியெல்லாம் பொடவை. இருபது வருஷமா நின்ன காலு, தண்ணியில மெதக்குற மாதிரி இருந்துச்சுடி."

"குடுத்து வச்சவ! ஒண்ணு எடுத்தியா?"

"போடி. சாயந்தரம், 'நாளைக்கும் அங்கயே உக்காரு'ன்னாரு. நான் நிக்காமயே கடை நடக்குதுன்னு பாத்துட்டாரு. அடுத்து, வீட்டுலயே உக்காருன்னுடுவாரு."

எட்டாவது தாண்டாமல் மூன்று லாரி வாங்கியவன் நான். பஸ்ஸில் யாருக்கும் புத்தி சொல்லாமல் இறங்கியதில்லை. அன்று புத்தி சொல்லத் தோன்றாமல், ஜன்னல் காற்றில், மடி நிறையப் புடவையோடு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளையே மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஏன்க்கா யூனிபார்ம்ல வந்திருக்க? திட்டுவாரே!"

"திட்டட்டும். இன்னிக்கி நின்னுதான் காட்டப்போறேன்."

பி.முட்லூர் தாண்டியதும் அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். சிதம்பரம் வர இன்னும் நேரமிருந்தது. சீட்டும் காலியாகத்தான் இருந்தது.