நிறுவனத்தின் வழியாக மட்டுமே

என் அலுவலகத்திலிருந்து சந்திப்பிழையோடு ஒரு தாள்கூட வெளியே போனதில்லை. உங்கள் விசாரணைக்கு இதனால் பயனில்லை என்பதை அறிவேன். என்னைப் பற்றி ஏதாவது சொல்லித்தான் தொடங்க வேண்டுமென்றால் இதிலிருந்து தொடங்குவது எனக்கு எளிது. நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: அன்று நான் ஆலை உரிமையாளர் கோவிந்தராசுவுடன் தொலைபேசியில் பேசினேனா என்பது. அதற்கு வருகிறேன்.

நான் இலக்கணம் படித்தவன். அச்சகத்தில் பல ஆண்டுகள் மெய்ப்புத் திருத்திவிட்டு, தஞ்சாவூரில் ஆள் அனுப்பும் நிறுவனம் தொடங்கினேன். டெல்டாவின் புழுங்கல் அரிசி ஆலைகளுக்குப் பாய்லர் இயக்கத் தெரிந்தவர்களை ஒப்பந்தத்தில் அனுப்புவது தொழில். ஆலை சம்பளத்தை எனக்குத் தரும். என் பங்கு போக மீதியை நான் ஆளுக்குத் தருவேன்.

என் தகப்பனார் ஒரு மிராசுதாரர் பண்ணையில் ஆளாக இருந்தவர். இன்னொருவர் வயலில் இறங்கி வேலை செய்ய அவருக்கு அனுமதியில்லை. அதற்கு எழுத்து எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். என்னிடம் வருகிறவர்களுக்கு அந்த நிலை நேரக்கூடாது என்பதால் நான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மற்ற நிறுவனங்கள் புரியாத ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கும். நான் நல்ல தமிழில் எழுதி, ஒவ்வொரு பிரிவையும் உரக்கப் படித்து, பொருள் சொல்லி, அதன்பின்தான் பேனாவை நீட்டுவேன்.

ஏழாவது பிரிவை நான் பலமுறை செதுக்கினேன். ஒப்பந்தப் பணியாளர் தம் வேலை தொடர்பான எதையும் ஆலை உரிமையாளரிடம் நேரில் பேசலாகாது. நிறுவனத்தின் வழியாக மட்டுமே தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தபின் ஓராண்டுக்கு, நிறுவனம் அறிமுகப்படுத்திய எந்த ஆலையிலும் நேரடியாகச் சேரலாகாது. காரணம் எளியது. உரிமையாளரும் ஆளும் முகம் பார்த்துப் பேசிப் பழகிவிட்டால் நடுவில் நான் எதற்கு என்று இருவருக்கும் தோன்றிவிடும். வெளியேறியவனை வேலை செய்யாதே என்று தடுக்கும் வாசகம் நீதிமன்றத்தில் நிற்காது என்று ஒரு வழக்கறிஞர் சொன்னார். எனக்கும் அது தெரியும். நிற்காது என்பது கையெழுத்திட்டவர்களுக்குத் தெரியாமலிருந்தது; அதுவே போதுமானதாக இருந்தது.

பக்கீர் முகம்மது ஒருவர்தான் அதை மீறினார். ஒப்பந்தம் முடிந்ததும், தாம் வேலை பார்த்த ஆலையிலேயே நேரே சேர்ந்தார். நான் எல்லா ஆலைகளுக்கும் கடிதம் அனுப்பினேன். அதன்பின் அவரை எவரும் வைத்துக்கொள்ளவில்லை. என் மேசைக்கு முன் வந்து நின்று, "மில்லு வேல தெரிஞ்சவன் மில்லுலதானே சார் வேல கேப்பான்" என்றார். ஏழாவது பிரிவை மீண்டும் படித்துக் காட்டினேன். இப்போது முத்துப்பேட்டையில் மீன் வண்டி ஓட்டுகிறார் என்று கேள்வி.

வளவன் என் தங்கை தங்கம்மாளின் மகன். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை மாமா என்றவன். பாய்லர் சான்றிதழுக்கு அவனைப் படிக்க வைத்தேன். என் மகள் எழில்மொழியை அவனுக்குத்தான் கொடுத்தேன். ஒப்பந்தத்தில் அவனும் கையெழுத்திட்டான். வீட்டு ஆளுக்கு விலக்குக் கொடுத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்.

அவனை அனுப்பியது சீர்காழிக்கு மேற்கே உள்ள கோவிந்தராசுவின் ஆலைக்கு. சென்ற தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் கோவிந்தராசு என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். "ஊர்ல எல்லாரும் பொண்ணக் குடுத்துட்டு மாப்பிள்ளைய அவரு போக்குல விட்டுருவாங்க. நீங்க பொண்ணையும் குடுத்து, மாப்பிள்ளையையும் கையில புடிச்சே வச்சிருக்கீங்களே சார்" என்றார். பந்தியே சிரித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, வளவனைத் தமக்கே நிரந்தரமாக விட்டுவிடும்படி கேட்டார். பார்க்கலாம் என்றேன். வளவனிடம் அதைச் சொல்லவில்லை.

சில நாள் கழித்து வளவன் காலையில் தொலைபேசியில் அழைத்தான். சம்பா அறுவடை நேரம். ஆலைக் களம் முழுக்க ஈரநெல். நெல்லை அவிக்க நீராவி போதவில்லை என்று மேற்பார்வையாளர் ஒரு காரியம் செய்துவந்தார். நீராவி அளவு மீறினால் தானே திறந்து வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு ஒன்று பாய்லரில் உண்டு. அது திறந்துகொள்ளாதபடி, மின்தராசு வந்தபின் வேலையற்றுக் கிடந்த இரும்பு எடைக்கல் ஒன்றை அதன் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். பழைய ஆலைகளில் இது புதிதல்ல.

"கல்ல நான் எடுத்துர்றேன் மாமா. நான் வேல முடிஞ்சு எறங்குனதும் திரும்ப மாட்டிர்றாங்க. இப்ப கல்ல எடுத்தாலும் வால்வு எந்திரிக்க மாட்டேங்குது. துரு புடிச்சு ஒட்டிக்கிச்சு. நிறுத்திப் பிரிச்சுத்தான் பாக்கணும்."

உரிமையாளர் சொல்லாமல் நிறுத்த முடியாது என்று மேற்பார்வையாளர் கைவிரித்துவிட்டாராம். மறுநாள் கோவிந்தராசு ஆலைக்கு வருகிறார். தானே ஒரு வார்த்தை சொல்லிவிடட்டுமா என்று கேட்டான்.

"ஏழாவதக் கேட்டுட்டுத்தானே கையெழுத்துப் போட்ட?" என்றேன்.

அவனுக்குப் பின்னால் உமி கொட்டும் ஓசை கேட்டது.

"பக்கீர் பாய்க்கு ஆனது தெரியும் மாமா. அதான் ஒங்ககிட்ட கேக்குறேன். நீங்களாச்சும் பேசுங்க."

பேசுகிறேன் என்றேன். அப்போது பேசவே நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஆனால் எண்ணை அழுத்துமுன் கல்யாணப் பந்தி நினைவுக்கு வந்தது. பாய்லரைக் காப்பாற்றிய ஆள் யார் என்று கோவிந்தராசு கேட்பார். வளவன் என்பேன். மறுபடி அவனைக் கேட்பார். இம்முறை அவனிடமே கேட்பார். இருவரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு வால்வை ஒரு சாக்காகச் சொல்கிறார்களோ என்றும் தோன்றியது. அவனை நான்தான் வளர்த்தேன். அவன் என்னைவிட்டுப் போவதை என்னால் தாங்க முடியாது என்பதை அன்று நான் நிறுவனத்தின் நலன் என்று பெயரிட்டுக்கொண்டேன்.

மாலையில் அவனை அழைத்தேன்.

"பேசிட்டேன் மாப்ள. இந்த நெல்லு முடிஞ்சதும் நிறுத்திப் பாக்குறாராம். நீயா அதப் பத்தி எடுக்காத. கோவப்படுவாரு."

"சரி மாமா" என்றான். "இப்பதான் மனசு லேசாச்சு."

மறுநாள் கோவிந்தராசு ஆலைக்கு வந்தார். வளவன் எதிரே வந்து, சிரித்து, "நன்றிங்க" என்றானாம். எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை என்று அவரே உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதை எவரும் நம்பவில்லை. நான் நம்புகிறேன்.

அதற்கு மறுநாள் பாய்லர் வெடித்தது. கூரைத் தகடுகள் களத்தைத் தாண்டி, அறுத்த வயலில் கிடந்தன. வளவனின் உடலை அடையாளம் காட்ட என் தங்கையை விடவில்லை, நானே போனேன். அங்கே கண்டதை எழுதிப் பார்த்தேன். ஒரு வாக்கியமும் அமையவில்லை. எனக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை.

என்னிடம் வால்வைப் பற்றிச் சொன்னதையும், நான் கோவிந்தராசுவிடம் பேசிவிட்டதாகச் சொன்னதையும் வளவன் எழில்மொழியிடம் சொல்லியிருக்கிறான். அவள்தான் புகார் கொடுத்தவள். எச்சரித்தும் கேளாத குற்றத்துக்காகக் கோவிந்தராசு சிறையில் இருக்கிறார். யாரும் சொல்லவில்லை என்று அவர் அழுதபோது நீதிமன்ற வாசலில் கூடியிருந்தவர்கள் ஏசினார்கள். எழில்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொல்லியும் கேக்கலியேப்பா அந்த ஆளு" என்றாள். இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். எனக்குப் பரிமாறிய பிறகே சாப்பிட உட்காருகிறாள். தங்கம்மாளும் என்னிடம் குறை ஒன்றும் காணவில்லை. அண்ணன் இல்லாவிட்டால் நியாயம் கேட்க ஆளில்லை என்று துக்கத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

உங்கள் கேள்விக்கு விடை: பேசவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் வால்வைப் பற்றி நான் கோவிந்தராசுவிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவரை விட்டுவிடுங்கள். மேற்பார்வையாளர் கல்லைத் தொங்கவிட்டார்; பாய்லரை நிறுத்தியிருக்கக்கூடிய ஒரே சொல்லை நான் என்னிடமே வைத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவனிடம் பொய் சொன்னேன். அவனைக் கொன்றது அந்தப் பொய். இதை என் மகளிடம் நீங்களே சொல்லிவிட்டால் நல்லது.

சென்ற வாரம் வேறோர் ஆலைக்கு ஒருவரை அனுப்பினேன். ஏழாவது பிரிவில் திருத்த வேண்டியது எதுவும் எனக்குத் தென்படவில்லை. வழக்கம்போல் உரக்கப் படித்துக் காட்டினேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கோவிந்தராசு அவனுக்கு எதிரிலேயே நின்றிருக்கிறார். அவன் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். மற்றவர்களுக்குத்தான் அந்தப் பிரிவு. அவன் என் தங்கை மகன். அவன் மீறியிருந்தால் நான் ஒன்றும் செய்திருக்கமாட்டேன். இது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா.