இடைவேளை முடிஞ்சாக் கதைக்கக்கூடாது

இல்லைத் தம்பி, நீர் இரும். கச்சான் கடலைக்காரன் உள்ளுக்கையே வருவான், எழும்பிப் போகத் தேவையில்லை. இஞ்சை இடைவேளை எண்டா லேசிலை முடியாது. நான் கேட்டது என்னெண்டா, படத்திலை அந்தப் பெட்டை கண்ணாடிக்கு முன்னாலை நிண்டவள் எல்லோ, கண்ணாடியிலை ஏன் அவளின்ரை முகம் ரெண்டாத் தெரிஞ்சது? யோசிச்சனீரோ? ... யோசிக்கேல்லை. நல்லது. நீர் நிம்மதியான ஆள். போன மாரி வரைக்கும் நானும் உம்மைப்போலைதான் இருந்தனான்.

முதல் பாதி முழுக்க நான் உம்மடை காதுக்குள்ளை குசுகுசுத்துப்போட்டன் எண்டு உமக்குச் சினமாத்தான் இருக்கும். அங்காலை இருந்த சோடி எழும்பிப் பின்னுக்குப் போனதையும் கண்டனான். என்ன செய்யிறது, உது எனக்கு ஒரு வருத்தம். உதுக்கு மருந்துமில்லை.

பிழை என்ரையில்லை, அதை முதல் சொல்லிப்போடுறன். எல்லாத்துக்கும் காரணம் உந்தப் பிரணவன். யூனிவேசிற்றியிலை படிப்பிக்கிற பெடியன். தாடி, தோளிலை ஒரு துணிப்பை. எங்கடை ஊர் தெல்லிப்பழை, என்ரை பேர் றிச்சர்ட். எங்கடை வாசிகசாலையிலை சனிக்கிழமைப் பின்னேரங்களிலை அந்தப் பெடியன் ஒரு வகுப்புத் தொடங்கினவர். படங்களை விமர்சனமாப் பாக்கிறதாம், அதுக்குள்ளாலை வெகுசனப் பண்பாட்டை விளங்கிறதாம். பென்சன்காரனுக்குச் சனிக்கிழமை என்ன, செவ்வாய்க்கிழமை என்ன. போனன். பிளேன்ரீயும் குடுத்தவை, அதையும் மறைக்கக்கூடாது.

முதல் நாளே அந்தாள் சொன்னார், படத்திலை ஒண்டும் சும்மா வாறதில்லை எண்டு. எனக்கு அது சட்டெண்டு பிடிச்சுப்போச்சு. ஏனெண்டா நான் விவசாயப் போதனாசிரியரா இருந்தனான். தோட்டக்காரன் பயிர் பச்சையா நிக்குது எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு நிப்பான். நான் போய் இலையைத் திருப்பிப் பாப்பன். அடியிலை பூச்சி முட்டை இருக்கும். அவன்ரை முகம் சுருங்கும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். உந்தப் படங்களையும் அப்பிடித் திருப்பிப் பாக்கலாம் எண்டு தெரிஞ்ச உடனை, எனக்குத் திரும்ப உத்தியோகம் கிடைச்ச மாதிரி.

பேந்து எங்கை நிம்மதி? ரீவியிலை ஒரு படம் போனா, கதாநாயகன்ரை தாய் ஏன் எப்பவும் குசினிக்குள்ளையே நிக்கிறா? அந்த வீட்டிலை வேறை அறை இல்லையோ? பணக்காரன் ஏன் எப்பவும் படியாலை இறங்கித்தான் வாறான்? கிராமத்து ஆக்கள் ஏன் எல்லாரும் நல்லவை? நான் சீவியகாலம் முழுக்கக் கிராமத்து ஆக்களோடை வேலை செய்தனான், எனக்குத் தெரியும் அவையை. இந்தியப் படத்திலை எங்கடை ஆக்கள் வந்தா ஏன் ஒண்டில் அகதி, இல்லாட்டித் துவக்கோடை? நாங்கள் வெங்காயம் நடுறேல்லையோ? பல்லுக் கொதிச்சா டொக்டரிட்டைப் போறேல்லையோ? ... என்ன, நியாயமான கேள்விதானே. நீர் தலையாட்டுறீர். என்ரை மனிசி தலையாட்டேல்லை.

மனிசி எண்டது தேவகுமாரி. கலியாணம் கட்டின நாளிலையிருந்து படத்துக்குச் சோடியாத்தான் போறனாங்கள். யுத்தம் முடிஞ்ச பிறகு அவக்குப் படம் எண்டா அழுகை. அழுகைப் படத்துக்குத்தான் எண்டில்லை, பகிடிப் படத்துக்கும் அழுவா. ஒருக்கா ஒரு நாய் துலைஞ்சுபோற படம். கடைசியிலை நாய் கிடைச்சிட்டுது. கிடைச்சதுக்குத்தான் கூட அழுதவ. நான் எப்பவும் ரெண்டு லேஞ்சி கொண்டுபோவன். ஒண்டு என்ரை வேர்வைக்கு, மற்றது அவக்கு. படம் விட்டு வெளியிலை வந்தா இப்பத்தான் முகம் கழுவின ஆள் மாதிரி இருப்பா. ஆளுக்கொரு றோல்ஸ் கடிச்சுக்கொண்டு பஸ் ஏறுவம்.

வகுப்புக்குப் போகத் தொடங்கின பிறகு நான் அவக்கும் விளங்கப்படுத்தினன். படிச்சதை மறைச்சு வைக்கிறது சரியோ? ‘இஞ்சேரும், இப்ப அவன் கடிதத்தைக் கிழிப்பான், உடனை வயலின் வரும், அது உம்மை அழப்பண்ணப் போட்டது’ எண்டு முன்னமே சொல்லிப்போடுவன். அவன் கிழிப்பான். வயலின் வரும். அவ லேஞ்சியை மடிச்சு என்ரை கையிலை தந்திடுவா.

பின்னை ஏன் இண்டைக்குத் தனிய வந்தனீங்கள் எண்டு கேக்கிறீர். தனிய வரேல்லையே. முன்னுக்குப் பாரும், அந்தக் கரைக் கதிரையிலை, சாம்பல் நிறச் சீலை, மடியிலை குடை... கையைக் காட்டாதையும்! அவதான். நான் இஞ்சை இருக்கிறது அவக்குத் தெரியாது. மச்சாள் மிரியம் வீட்டை போறன் எண்டு சொல்லிப்போட்டு பஸ் ஏறினவ. நான் மோட்டச்சைக்கிளிலை பஸ்சுக்குப் பின்னாலை வந்தனான். பாத்தா, ஆள் நேரை இஞ்சை வந்து ரிக்கற் எடுக்கிறா. வேவு பாக்கிறன் எண்டு நினையாதையும். இந்த வயசிலை வேவு பாத்து என்ன செய்யப்போறன்... எனக்கு ஒரு விசயம் தெரியவேணும். அவ அழுறாவோ எண்டு. அவ்வளவுதான்.

என்னெண்டா, வகுப்பு முடியேக்கை ஆளாளுக்கு ஒரு ஆய்வு வாசிக்கவேணும் எண்டு பிரணவன் சொல்லிப்போட்டார். எல்லாரும் படங்களை ஆராய்ஞ்சினம். சண்டைக் காட்சி, பாட்டு, உடுப்பு எண்டு. நான் யோசிச்சன், படம் பாக்கிற ஆளை ஒருத்தரும் ஆராயேல்லையே. எனக்கு அப்பிடி ஒரு ஆள் வீட்டிலையே இருக்கு. செலவுமில்லை. தலைப்பு என்ன தெரியுமோ? ‘வெகுசன சினிமாவும் உற்பத்தி செய்யப்பட்ட கண்ணீரும்.’ பிரணவனே நல்ல தலைப்பு எண்டவர்.

அண்டைக்கு வகுப்புக்கு எண்டு அவதான் வாழைப்பழம் போட்டு வாய்ப்பன் சுட்டவ. பெரிய தட்டிலை கொண்டுவந்து வைச்சிட்டு, சேர்ச்சுக்குப் போற சீலையோடை முன் வரிசையிலை இருந்தவ. மனிசன் வாசிக்கப்போறன் எண்டு அவக்கும் ஒரு புழுகம், சந்தோசம்.

நான் பேர் போடேல்லை தம்பி. ‘ஒரு பெண் பார்வையாளர்’ எண்டுதான் எழுதினனான். ‘இப்பார்வையாளர் தமது சொந்த வாழ்க்கையில் அழுவதே இல்லை. உடன்பிறந்த தம்பி காணாமற்போன போதும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆயின் திரையில் முன்பின் அறியாத ஒருவர் இருமினாலே அழுகிறார். எனவே இக்கண்ணீர் இசையாலும் ஒளியாலும் உண்டாக்கப்படுவதன்றி உண்மையானதன்று.’ நல்ல தமிழ்தானே? நான் நிண்டு நிதானமா வாசிச்சனான்.

வாசிச்சு முடிய பிரணவன் ஒரேயொரு கேள்வி கேட்டார். ‘ஐயா, ஏன் அழுறா எண்டு அவவிட்டைக் கேட்டனீங்களோ?’ நான் சொன்னன், ‘வருத்தம் என்னெண்டு நான் பயிரிட்டைக் கேக்கிறேல்லை.’ எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான்.

அப்பத்தான் அவ எழும்பினவ. கோவமாயில்லை. ‘நான் படத்துக்கு அழேல்லை’ எண்டா. எண்டிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியாலை போயிட்டா. தட்டிலை பாதி வாய்ப்பன் இருந்தது. ஒருத்தரும் கேக்கேல்லை.

அவவின்ரை தம்பி றஞ்சித். கடைசிச் சண்டையிலை வன்னிக்குள்ளை அம்பிட்டவன், திரும்பி வரேல்லை. செத்தவன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, இருக்கிறான் எண்டும் சொல்லேல்லை. அவன்ரை பேரிலை ஒரு நினைவு ஆராதனை வைப்பம் எண்டு போதகர் கேட்டதுக்கும் மாட்டன் எண்டிட்டா. அப்ப வீட்டிலை எப்பிடி அழுறது? அழுதாச் செத்தவீடு எல்லோ. அவ அழுதா அவனைச் சாகக்குடுத்த மாதிரி... அதாலை வீட்டிலை அழமாட்டா. இஞ்சை இருட்டு. இஞ்சை அழுதா ஏன் எண்டு ஒருத்தரும் கேளாயினம். ஆருக்கு எண்டும் கேளாயினம். நாய் கிடைச்சதுக்கு ஏன் கூட அழுதவ எண்டு எனக்கு இப்பத்தான் விளங்குது தம்பி. இவ்வளவு காலமும் பக்கத்துக் கதிரையிலை லேஞ்சியோடை இருந்தனான், எனக்கு விளங்கேல்லை.

அண்டையிலையிருந்து அவ அழேல்லை. சண்டையுமில்லை. கறி காய்ச்சுறா, கதைக்கிறா, என்ரை சேட்டுகளை மினுக்கி மடிச்சு வைக்கிறா. ரீவியிலை என்ன போனாலும் சுவரைப் பாக்கிற மாதிரிப் பாத்துக்கொண்டிருக்கிறா. மன்னிப்பும் கேட்டுப் பாத்தன். எனக்கு ஒண்டுமில்லையே எண்டுறா. படத்துக்கு வாரும் எண்டு கூப்பிட்டா, நீங்கள் போட்டு வாங்கோ எண்டுறா. அந்த மனிசிக்கு அழ ஒரு இடம்தான் இருந்தது. அதை நான் கெடுத்துப்போட்டன்... பிரணவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பெடியன் கேக்கச் சொன்னவர்.

இண்டைக்கு முதல் பாதி முழுக்க நான் வாய் ஓயாமக் கதைச்சது ஏன் தெரியுமோ? பயம் தம்பி. நான் கதையாம இருந்தா, அங்காலை அவ அழாம இருக்கிறது எனக்குக் கேட்டுப்போடும்.

மணி அடிக்குது. லைற்றை நூத்து இருட்டாக்கிறான். உமக்குக் கச்சானும் வாங்கேல்லை, குறை நினையாதையும்... இப்ப பாரும், படத்திலை அந்தத் தமக்கைக்காரி தம்பி வருவான் எண்டு சந்தியிலை பாத்துக்கொண்டு நிப்பாள். பஸ் வரும். இறங்கிறது அவளின்ரை தம்பியாயிராது, வேறை ஆரோ. உது பாக்கிற ஆளை ஏய்க்கிற பழைய வித்தை. அந்தாள் திரும்ப, உடனை வயலின்... பாத்தீரோ, வந்திட்டுது. உந்த வயலின் என்னத்துக்கு எண்டா—

...

தம்பி. உமக்குக் கேட்டதோ? இல்லை, படத்திலை இல்லை. முன்னுக்கு. மூக்கு உறிஞ்சின சத்தம். ... அவதான். எனக்குத் தெரியும், அவதான். உங்கை பாரும், சீலைத் தலைப்பாலை துடைக்கிறா. லேஞ்சி ரெண்டும் என்னட்டையெல்லோ கிடக்கு. கொண்டுபோய்க் குடுக்கவோ... வேண்டாம். நான் இருக்கிறன் எண்டு தெரிஞ்சா நிப்பாட்டிப்போடுவா.

என்ன, என்னவோ சொல்ல வாறீர். கதையாதையும் தம்பி. படம் ஓடுது.