பதிமூணால போகும்

— பேனாவைத் தூக்கி எறிஞ்சுட்டா ஆச்சா? டாக்டர் ரெண்டாவது தடவை ஆள் அனுப்பிட்டாருங்க. ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே கேக்கறேன்?

— போட மாட்டேன்.

— தலைக்குள்ள எலுமிச்சங்காய் அளவு கட்டி. இன்னிக்கே திறந்து எடுக்கலைன்னா ஆளே மிஞ்ச மாட்டாருங்கறாங்க. நானாச் சொல்லலை, எடுத்த படம் சொல்லுது.

— கவனிங்க. முப்பது வருஷம் காலேஜ்ல கணக்குச் சொல்லிக் குடுத்த தலை இது. திறந்தா எல்லாம் கொட்டிப்போயிடும். அப்புறம் வெறும் தலையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, தொப்பி மாட்டவா?

— இந்த நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சலில்லை. வகுப்புலயே மயங்கி விழுந்தீங்க. வீட்டுச் சாவியைக் கொண்டுபோய் சர்க்கரை டப்பாவுல போட்டீங்க.

— சாவியை யார் வேணா மறக்கலாம். கணக்கு மறந்துச்சா? அதைக் கேளுங்க.

— வாடி போடின்னு கூப்பிடற வாய்ல இதென்ன புது மரியாதை? கோவம்னா நேராவே திட்டுங்க.

— பெரிய நம்பரா ஒண்ணு குடுங்க. தப்பாச் சொன்னா கையெழுத்துப் போடறேன். சரியாச் சொன்னா என்னை வீட்டுக்கு விட்டுடணும்.

— பேச்சு மாற மாட்டீங்களே?

— கணக்குல நான் மாறினதே இல்லை.

— சரி, கண்ணை மூடுங்க. உங்க கையில கட்டின பட்டையில இருக்கற நம்பர்தான், படிக்கறேன். நானூத்திப் பதினெட்டு, எழுநூத்தி ஆறு, ஐநூத்தி முப்பத்திரெண்டு, முந்நூத்தி ஒம்பது. எதெதால வகுபடும்?

— இலக்கமெல்லாம் கூட்டினா நாப்பத்தெட்டு. மூணால போகும், ஒம்பதால போகாது.

— அது சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஏழு? பதினொண்ணு? பதிமூணு?

— கவனிங்க. மூணு மூணா நீங்களே நறுக்கிக் குடுத்துட்டீங்க. ஒண்ணுவிட்டு ஒண்ணு கூட்டணும். ஒரு பக்கம் ஆயிரத்துப் பதினஞ்சு, மறுபக்கம் தொள்ளாயிரத்து அம்பது. வித்தியாசம் அறுபத்தஞ்சு. அதை எது வகுக்குதோ அதைத்தான் பாக்கணும். ஏழு இல்லை. பதினொண்ணும் இல்லை. பதிமூணால போகும். சந்தேகம்னா போன்ல போட்டுப் பாருங்க.

— இருங்க... பதிமூணால வகுத்துப் பாக்கறேன்... ஐயோ.

— புள்ளி வந்துச்சா?

— வரலை. மீதியே இல்லை. கல்யாணமான நாள்லேர்ந்து இன்னிக்குத்தாங்க நீங்க ஒரு கணக்குல தப்பு பண்ணணும்னு வேண்டிக்கிட்டேன். அந்த ஒரு தப்புகூட எனக்குக் கிடைக்கலை.

— அழாதீங்க. உங்களுக்கு நல்ல மனசு.

— மகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? ... சரி, விடுங்க. இப்படிக் கணக்குப் போடற தலையில அப்படி என்ன கோளாறு இருந்துடப் போகுது. சட்டையைப் போடுங்க. ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டு வந்துடறேன். வீட்டுக்குப் போலாம்.

— ரொம்ப நன்றி சிஸ்டர். அப்படியே வெளியில என் பொண்டாட்டி உக்காந்திருப்பா, உள்ள வரச் சொல்லுங்க. பாவம், காலையிலேர்ந்து அவளை ஒருத்தரும் உள்ளயே விடலை.