வேலூர் மேட்ச்சுக்குப் போகாத வருஷம்

– அஞ்சு மணிக்கு மேல மனு வாங்கமாட்டாங்க தேவயானி. இன்னும் இருவத்தஞ்சு நிமிஷம்தான் கீது. தோ பேனா. கையெழுத்த போடு, ரைட்டு விடு.

– போடமாட்டேன்னு நேத்தே சொன்னேனே சார்.

– நேத்து நீ ஏதோ கோவத்துல சொன்னன்னு நெனச்சேன்.

– கோவம் இல்ல சார். நான் தலைவர் பதவிக்கு நிக்கணும்னா, மொதல்ல இன்னிக்குக் கூட்டத்துல எல்லார் எதிர்லயும் ஒண்ணு சொல்லணும். அத கேட்டப்புறம் நீங்களே இந்த மனுவ கிழிச்சிப் போட்டுடுவீங்க.

– பாரும்மா. பதினோரு வருஷமா இந்தப் பூப்பந்துக் கழகத்துக்கு நான் தலைவரு. ஆறு வருஷமா நீ பொருளாளரு. ரெண்டு பேருக்கும் ஒரு டீக்காசு வந்ததுண்டா? என் முட்டி போச்சு. மலைப்படி ஏறி முருகனப் பாத்தே ரெண்டு வருஷம் ஆவுது. இனிமே என்னால முடியாது. நீ நிக்கலன்னா அந்த ஜெகநாதன் போட்டியே இல்லாம வந்து உக்காந்துடுவான்.

– தெரியும் சார்.

– தெரிஞ்சா? கோர்ட்டுல சாயங்கால நேரத்த அவன்கிட்ட பிளாட்டு வாங்க வர்ற பார்ட்டிங்களுக்குக் குடுத்துடுவான். பொம்பளைங்கள மத்தியானம் ஒரு மணிக்கு வந்து ஆடுங்கன்னுவான். நம்மூரு வெயில்ல, மத்தியானத்துல! பொதட்டூர்பேட்டையில தறிய நிறுத்திட்டு பஸ் புடிச்சி வர்றவங்க அந்த நேரத்துக்கு எப்படிம்மா வருவாங்க? மூணே மாசத்துல மகளிர் டீமே இருக்காது.

– அதுக்காக மறைச்சிட்டு நிக்கச் சொல்றீங்களா?

– இன்னாத்த மறைக்கற நீ? இரு, கதவ சாத்திட்டு வரேன்.

– வேணாம் சார். தெறந்தே இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாருக்கும் தெரியப்போறதுதான்.

– சொல்லு.

– ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஜூலை மாசம், கழகத்துப் பணத்த நான் எடுத்தேன்.

– எடுத்தேன்னா?

– பேங்க்குல செக்கு போட்டு எடுத்தேன். எம்பொண்ணு கனிமொழிக்கு நர்சிங் சீட்டு கெடச்ச நேரம். பணம் கட்ட அன்னிக்குத்தான் கடைசி நாளு. என் ஜெராக்ஸ் கடையில வந்தது கடை வாடகைக்கே பத்தல. அவரு லாரியோட ஒரிசாவுல மாட்டிகினு இருந்தாரு. நாலு பேருகிட்ட கேட்டேன், அஞ்சாவது ஆளு இல்ல. அப்புறம் இந்தப் பீரோவத் தெறந்தேன்.

– ம்.

– நீங்க ரயில்வேல கார்டு வேலையில இருந்தப்போ, ரயிலேறிப் போனா மூணு நாளாவும்னு அஞ்சாறு வெறும் செக்குல கையெழுத்து போட்டுக் குடுப்பீங்களே. அதுல மிச்சம் ஒண்ணு இருந்துச்சு. பக்கத்துல என் கையெழுத்தப் போட்டேன். அவ்ளோதான் சார், ரெண்டு நிமிஷ வேல.

– திருப்பிக் கட்டிட்ட இல்ல?

– ஆங். நாப்பத்தேழாவது நாளு. கம்மல அடகு வெச்சிக் கட்டினேன்.

– அப்புறம் இன்னாம்மா? எடுத்த, வெச்சிட்ட. கணக்கும் படிச்சாச்சு, எல்லாரும் கை தட்டியாச்சு. ரைட்டு விடு.

– அந்த நாப்பத்தேழு நாளுக்குள்ளதான் வேலூர் மேட்ச் வந்துச்சு.

– அந்த மேட்ச்ச இப்ப எதுக்கு எடுக்கற?

– நம்ம பொம்பளைங்க ஏழு பேரு சார். மாநில டீமுக்கு ஆள் எடுக்கறவங்க நேர்ல வந்து பாக்கற மேட்ச்சு. வண்டி வாடகை, ரெண்டு நாள் தங்கறது, சாப்பாடு எல்லாம் சேத்து பதினஞ்சாயிரம் கேட்டாங்க. கணக்குல காசு இல்லன்னு சொன்னது நானு. அது பொய்யும் இல்ல, நெசமாவே இல்ல. ஏன் இல்லன்னு மட்டும் சொல்லல.

– இத இன்னிக்கு வெளிய போயி சொன்னா ஜெகநாதனுக்கு அல்வா சாப்புடற மாதிரிம்மா. திருடின்னு வாய்கூசாம சொல்லுவான்.

– சொல்லட்டும்.

– படிச்சிகினு இருக்கற பொண்ணு காதுல விழுமே.

– காலையிலயே அவகிட்ட சொல்லிட்டேன். அழுதா. அப்புறம் மூஞ்சக் கழுவிகினு வந்து, போயி சொல்லிடும்மான்னா.

– இதோ பாரு. கட்டி முடிச்ச இருவத்திரெண்டாயிரத்துக்காக ஆறு வருஷ ஒழைப்ப மண்ணுல போடாத. ஒரு பில்லு விடாம ஒட்டி வெச்சிருக்க. பந்து வாங்கினா, நெட்டுக்குக் கயிறு வாங்கினா...

– ஒரு நிமிஷம் சார்.

– இன்னா?

– எவ்ளோ எடுத்தேன்னு நான் சொல்லவேயில்லையே.

– சொன்ன மாதிரி இருந்துச்சே... ஒரு குத்துமதிப்பா...

– சார்.

– உக்காரும்மா.

– நிக்கறேன். சொல்லுங்க.

– ஆகஸ்டுல பாஸ்புக்கு பதிய நான்தான் போனேன். உம்பேர்ல செக்கு போயிருந்துச்சு. பாத்தேன்.

– ஏன் என்ன கேக்கல?

– கேட்டா நீ போயிடுவ. நீ போயிட்டா கணக்கு யாரு எழுதுவா? உனக்கு முன்னால இருந்த சடகோபன் போனப்புறம் எட்டு மாசம் அந்த நோட்டு காலியாவே கெடந்துச்சு. திரும்ப வெச்சிடுவன்னு ஒரு நம்பிக்கை. வெச்சிட்ட.

– வேலூரு?

– அத கேக்காத.

– கேக்கறேன் சார்.

– அப்பத்தான் ரிட்டயர் ஆயி பணம் கையில இருந்துச்சும்மா. பதினஞ்சாயிரம் எனக்கு ஒரு விஷயமே இல்ல. குடுத்தா, கணக்குல காசு ஏன் இல்லன்னு கமிட்டியில பேச்சு வரும். நீ வேற, சாருக்கு எப்படித் தெரியும்னு யோசிப்ப. அதான் வாய மூடிகினு இருந்துட்டேன்.

– ஏழு பேரு சார்.

– தெரியும்.

– அதுக்கப்புறமும் வெறும் செக்குல கையெழுத்து போட்டுக் குடுத்துகினுதான இருந்தீங்க?

– நிறுத்தினா உனக்கு சந்தேகம் வருமே.

– அப்போ இன்னிக்கு நான் மட்டும் பேசினா பாதிதான் ஆவும். மீதிய நீங்க சொல்லணும்.

– நானா? இந்த ஊர்ல என்ன யாரும் கோதண்டம்னு பேரு சொல்லிக் கூப்புடறதில்ல, தலைவரேன்னுதான் கூப்புடறாங்க. எழுந்து இத சொன்னா பத்தே நிமிஷத்துல அதுவும் போயிடும்.

– போவட்டும் சார். எனக்கும்தான் போவுது.

– ரெண்டு பேரும் போயிட்டா வேற யாரும்மா இருக்கா? உன்ன விட்டா யாரு இருக்கா?

– இந்த ஒரு பேச்சாலதான் சார் எல்லாமே. யாரும் இல்ல, யாரும் இல்லன்னுகினே நான் எடுத்தேன், நீங்க மறைச்சீங்க. பதினோரு வருஷத்துல யாரையாவது ஒருத்தர, நீ நிக்கறியான்னு கேட்டிருக்கீங்களா?

– கேட்டா மட்டும் வந்துடுவாங்களா?

– கேக்கல இல்ல?

– கேக்கல.

– தலைவரே, கூட்டத்துக்கு சேரு முப்பதும் போட்டாச்சு. ஜெகநாதன் சார் சால்வையோட வந்து முன்னாடி உக்காந்துகினாரு.

– ரஞ்சிதம்! நீ எப்ப வந்த?

– சேரு கணக்கு சொல்லத்தான் வந்தேன். கதவு தெறந்துதானே கீது? காசு இல்லன்னு சொன்னது நான்தான்னு அக்கா சொல்லிச்சே, அப்பத்துல இருந்து இங்கதான் நின்னுகினு இருக்கேன்.

– ரஞ்சிதம், நான்...

– இரு அக்கா. நான் பேசிக்கறேன். வேலூருக்குப் போவணும்னு தறி மொதலாளிய லீவு கேட்டேன், முடியாதுன்னுட்டாரு. ரெண்டு நாள் கூலிய இன்னொருத்திக்குக் குடுத்து என் தறிய ஓட்டச் சொல்லிட்டு, புது ஷூ வாங்கி, பையக் கட்டி வெச்சேன். அப்ப எனக்கு முப்பத்திமூணு. அதுக்கு மேல எந்த செலக்டரும் என்னத் திரும்பிப் பாக்கமாட்டான்னு எனக்கே தெரியும். நீ வாட்ஸ்அப்புல ஒரு வரி போட்ட, நிதி இல்லன்னு.

– மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாய் வரல ரஞ்சிதம்.

– எங்கிட்ட கேக்காத. வெளிய வந்து நின்னு சொல்லு. ஏழு பேர்ல ஒருத்தி பேரக்கூட விடாத. தலைவரே, நீங்களும் சொல்லணும். அக்கா சொல்றதுக்கு முன்னாடி நீங்க.

– சொல்றேன்மா. சத்தியமா சொல்றேன். ஆனா மணியப் பாரு, ஆறு நிமிஷம்தான் கீது. நாங்க ரெண்டு பேரும் எழுந்து அத சொல்லிட்டா, அந்த ஜெகநாதன எதுத்து நிக்கறதுக்கு யாரு...

– மனுவ இப்படிக் குடுங்க தலைவரே. எம்பேர நானே எழுதிக்கறேன். முன்மொழிய உங்க கையெழுத்து எனக்கு வேணாம், வேலூருக்குப் போவாத மத்த ஆறு பேரும் வெளிய நிக்கறாங்க.