ஃபைபர் கூரைக்கு ஒரு நிழல் வேண்டும்

போட்ட மாலையைக் கழற்ற மனமின்றி வியர்த்தபடி வீற்றிருக்கும் தலைவர் காத்தவராயன் ஐயா அவர்களே! பென்ஷன் வாங்கியும் சங்கத்தை விடாத பெரியோர்களே! பிள்ளைகளைப் பெங்களூரு ரயிலுக்கு அனுப்பிவிட்டு, இட்லிப் பானையை இறக்கிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! மாரிகுப்பம் நலச்சங்கத்தின் மருத்துவ வேனை ஓட்டும் இந்த ஐடாவின் வணக்கம்.

நான் பேச வந்தது வேனின் கூரையைப் பற்றி. இரும்பல்ல, தகரமல்ல, ஃபைபர்! (இன்னா சிரிப்பு அங்கே? கூரைதானேன்னு நினைக்காதீங்க, கேளுங்க.)

நம் முன்னோர் தங்கச் சுரங்கத்தில் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கியவர்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் எதைத் தேடினார்கள்? வெயிலைத் தேடினார்கள்! ஈரம் இரும்பை அரித்தது, ஆயில் தடவினார்கள். வெயிலில் வை, ஆயில் போடு. இதுதான் நம் வீட்டு வேதம். அந்த வேதத்தை நான் வேனுக்கும் ஓதினேன்!

நாளெல்லாம் நடுவெயிலில் நிறுத்தினேன். மினுமினுப்பு மங்கியதா? எஞ்சின் ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவினேன். பளபளத்தது. பார்த்தவர் பாராட்டினர், பாவி நான் பூரித்தேன்! சுரங்க மேட்டுப் புழுதி அந்த ஆயிலில் அப்பியது. காய்ந்த துணியால் தேய்த்தேன். உப்புத்தாள் போட்டதுபோல் மேல்பூச்சு போயிற்று. விரல் வைத்தால் சுண்ணாம்பாய் ஒட்டியது. கடைசியில் கூரை கோடு கோடாய் வெடித்தது.

போன ஆடி மழையில், மூச்சுநோயால் அவதிப்படும் நம் ரத்தினம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய், முகத்தில் மழைச்சொட்டு. "இன்னா ஐடா, வேனுக்குள்ளயே மழை பெய்யுது? நல்லா கீதும்மா!" என்று சிரித்தபடி குடையை விரித்தார். நான் வெட்கத்தில் வெந்தேன். கூரையைச் சரிசெய்ய வேன் பதினொரு நாள் நின்றது. அதற்குள் இரண்டு முறை அவர் சிலிண்டரை அணைத்துக்கொண்டு ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கிப் போனார். குற்றம் வெயிலுடையதா? இல்லை, என்னுடையது.

பங்காருபேட்டையில் ஃபைபர் வேலை பார்க்கும் வின்னி கூரையைச் சரிசெய்தபோதுதான் என் கண்ணைத் திறந்தார். "அக்கா, இரும்பைத் தண்ணி தின்னும், ஃபைபரை வெயில் தின்னும். சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவுங்க, மெத்துன்னு இருக்கற துணியால தொடைங்க. வெயில் தாங்கற வேக்ஸா கேட்டு வாங்கி, மூணு மாசத்துக்கு ஒரு தபா போடுங்க. ஆனா நிழல்ல நிறுத்தலைன்னா எல்லாம் வேஸ்ட்டு."

(தார்ப்பாய் போடலாமான்னு கேக்கறீங்களா அண்ணே? காத்து போகாத தார்ப்பாய்னா ஈரம் உள்ளயே நிக்கும், பூச்சு கொப்பளிக்கும்.)

கழுவுவது என் கை. வேக்ஸ் போடுவது என் கை. நிழல் யார் கையில்? நம் சங்கத்துக்கு இருப்பது ஒரே ஒரு ஷெட். அதில் நிற்பது யார் வண்டி? சொல்லட்டுமா? சொல்லியே விடுகிறேன்: நம் தலைவரின் கார்! ஐயா, உங்கள் கார் வெளுத்தால் மறுபடி பெயின்ட் அடிக்கலாம். இந்த வேன் நின்றால், இதை நம்பியிருக்கும் முப்பத்திரண்டு நோயாளிகள் மூச்சு வாங்க நடுத்தெருவில் நிற்பார்கள்! உங்களுக்கு நிழல் பெரிதா, அவர்கள் மூச்சு பெரிதா?

(கைதட்டாதீங்க, இருங்க. ஐயா எழுந்துட்டாரு. சாவியைத் தேடறாரு. பார்த்து ரிவர்ஸ் எடுங்க ஐயா, பின்னாடி நம்ம வேன் நிக்குது!)

இடம் விட்ட தலைவருக்கும், இருந்து கேட்ட உங்களுக்கும் என் நன்றி. வணக்கம். நான் போய் வேனை உள்ளே விடுகிறேன்.