நான்காம் அறையின் சுருதி

காலையில் சீக்கிரம் எழுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். வீட்டில் அலாரம் என்ற சாமானே கிடையாது, இவள் ஒருத்தி போதும் என்று அப்பா கேலி செய்வார். இதை ஏன் சொல்கிறேன் என்றால் மேடம், இந்த விசாரணையில் நீங்கள் கேட்ட விஷயத்துக்கு முக்கால்வாசிக் காரணம் இந்தப் பழக்கம்தான். எட்டு மணி ஒத்திகைக்கு நான் ஏழரைக்கே போய்விடுவேன். என் வாசிப்புக்குப் பாட வேண்டியவள் எட்டேகாலுக்கு மூச்சிரைக்க வருவாள். கல்லூரியில் அவளுக்கு லேட்டு என்றே பெயர். பாட்டு சொல்லித்தரும் வாத்தியாரம்மா ஒருமுறை வருகைப் பதிவேட்டிலேயே அப்படி எழுதிவிட்டு, அசடு வழிய அதை அடித்துவிட்டார்.

எங்கள் படிப்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாகச் சொல்கிறேன். இசைப் பட்டப்படிப்பு, மேடைப் பிரிவு. முதல் வருஷமே பாட்டு படிக்கிற ஒவ்வொருவரையும் பியானோ படிக்கிற ஒருவரோடு ஜோடி சேர்த்துவிடுவார்கள். மூன்று வருஷமும் அதே ஜோடிதான், மாற்றிக்கொள்ள முடியாது. மாமியார் இல்லாத கல்யாணம் என்று மூத்த மாணவிகள் கண்ணடித்துச் சொல்வார்கள். எனக்கு லேட்டு வாய்த்தாள்.

என்ன குரல் தெரியுமா? மற்றவர்களுக்கு மேலே போகப் போகக் குரல் மெலியும். அவளுக்கு மேலே போகப் போகத்தான் திறக்கும். முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். "என்னடி, கை சுளுக்கிக்கிச்சா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து இரண்டு வருஷம் நாங்கள் ஒட்டிப் பிறந்தவர்கள் போலத்தான் திரிந்தோம். அவள் மறந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துவருவது நான், அவள் தொலைத்த தாள்களை மறுபடி எழுதுவது நான். அவள் எங்கே மூச்சு வாங்குவாள் என்று அவளுக்கு முன்பே என் விரலுக்குத் தெரியும். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

மூன்றாம் வருஷ ஆரம்பத்தில் ஒரு நாள், பென்சிலைக் கடித்துக்கொண்டே ஒரு சேதி சொன்னாள். வேறு ஊரில் ஒரு பெரிய பாடகர் குழு வருஷக் கடைசியில் குரல் தேர்வு வைக்கிறதாம். தேறினால் பட்டம் வாங்கிய கையோடு போய்விடலாமாம்.

"அங்க வாசிக்கிறதுக்கு அவங்களே ஆள் வச்சிருக்காங்களாம்டி. இனிமே என் பின்னாடி அலைய வேண்டாம், நீ நிம்மதியா இருக்கலாம்."

ரொம்ப சந்தோஷம்டி என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

எங்களுக்குக் கொடுத்திருந்தது நான்காம் அறை. முழுதாக மூடாத ஒரு ஜன்னல், ஒரு கால் குட்டையான தாள் தாங்கி, ஒரு எலக்ட்ரிக் பியானோ. அந்தப் பியானோவில் சுருதியை நூல் நூலாக ஏற்ற ஒரு பொத்தான் உண்டு. அழுத்துகிற கட்டைகள் அதே கட்டைகள்தான், சத்தம் மட்டும் கொஞ்சம் உயரும். அணைத்துவிட்டால் பழைய நிலைக்கே வந்துவிடும். அதனால் தினமும் காலையில் புதிதாக ஏற்ற வேண்டும். ஏழரைக்கு வந்து அதைத்தான் செய்தேன். வாரத்துக்கு ஒரு நூல் கூடுதலாக. ஒரு நாள் தவறியதில்லை, காய்ச்சலோடுகூட வந்திருக்கிறேன்.

ஓட்டப்பந்தயக்காரர்கள் காலில் கனத்தைக் கட்டிக்கொண்டு ஓடிப் பழகுவதில்லையா? அதேதான். இங்கே கஷ்டப்பட்டால் அங்கே மேடையில் சுலபமாக இருக்கும் என்பது என் யோசனை. அவளிடம் ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். சொன்னால் மனதளவில் தளர்ந்துவிடுவாள், பாடகிகளுக்கு மனசுதான் முக்கியம்.

அவளுக்குத் தெரியாதா என்றால், தெரியாது. என் காதில் ஒவ்வொரு சுரமும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் விழும். அவளுக்கு அந்த வரம் இல்லை, முந்தைய சுரத்தை வைத்து அடுத்ததைப் பிடிப்பாள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான். பார்க்கப்போனால் எனக்குத்தான் சித்திரவதை. விரல் ஒன்றை அழுத்தும், காது வேறொன்றைக் கேட்கும், மதியம்வரை தலை கிறுகிறுக்கும். அதை யாரும் கேட்பதில்லை.

பதினைந்து வாரத்தில் ஒரு முழுச் சுரம் மேலே வந்துவிட்டோம். வாரம் ஒருமுறை வாத்தியாரம்மாவின் அறையில் நிஜப் பியானோவோடு பாடும்போது மட்டும் லேட்டுவுக்குச் சுலபமாக இருக்கும். நான்காம் அறைக்கு வந்தால் உச்சியில் குரல் கீறும். ஒரு நாள் உட்கார்ந்து அழுதாள். "அங்க பறக்குதுடி, இங்க மட்டும் ஏன் வர மாட்டேங்குது?"

"வாத்தியாரம்மா முன்னாடி நிக்கிறப்ப ஒரு வேகத்துல வந்துடும். இங்க வர்றதுதான்டி உன் நிஜமான குரல்."

நம்பினாள் பாருங்கள், அதுதான் லேட்டு. ஒத்திகையை ஒரு மணி நேரம் கூட்டலாம் என்று அவளேதான் கேட்டாள்.

பிறகு தொண்டை கரகரத்தது. பேசினாலே கட்டியது. வாத்தியாரம்மா பயந்துபோய், ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று சொல்வதற்காக வகுப்புக்கு முன்பே வந்து காத்திருந்தார். வழக்கம்போல் இவள் வரவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது, என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் பொறுப்பாகத் தலையாட்டினேன். லேட்டுவிடம், ஒரு வாரம் மேல் பகுதியை மட்டும் தனியாகப் பாடிப் பழகச் சொன்னார் என்றேன். ஓய்வெடுத்தால் சோம்பேறியாகிவிடுவாள் மேடம், அவளை எனக்குத் தெரியாதா?

குரல் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு நீண்ட மேல் சுரத்தின் நடுவில் சத்தம் நின்றுபோனது. வாய் திறந்திருந்தது, ஒன்றும் வரவில்லை. கைக்குட்டையில் கொஞ்சம் ரத்தம். நான் பதறிப்போய் அவளைத் தோளில் சாய்த்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்தப் பதற்றத்தில், மூன்று வருஷத்தில் முதல்முறையாகப் பியானோவை அணைக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் மேடைப் பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஒருவர் வந்திருந்தார். கைபேசிக்கு சார்ஜ் போட இடம் தேடி நான்காம் அறைக்குள் நுழைந்தவர், சும்மா இருக்க முடியாமல் ஒரு கட்டையைத் தட்டினாராம். சத்தம் ஒரு முழுச் சுரம் மேலே கேட்டதாம். அவர் வாத்தியாரம்மாவைக் கூப்பிட, அவர் சாவி வாங்கும் நோட்டைப் புரட்ட, தினமும் ஏழரைக்கு என் கையெழுத்து. அவளை விட்டுவிட்டுப் பொத்தானை நினைத்திருந்தால் இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். என் மனசு எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆக, ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். பயிற்சிக்காக என்பது முதல் மாதத்தோடு சரி. அதற்கப்புறம் அவள் குரல் எங்கே உடையும் என்று என் காதுக்குத் துல்லியமாகத் தெரிந்தது, அங்கேதான் கொண்டுபோனேன். அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. சில மாதத்தில் பேச்சு வரும், பாட்டு வராது என்கிறார் டாக்டர். அதுவரை முணுமுணுக்கக்கூடக் கூடாதாம்.

இப்போது தினமும் அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் அம்மா பாவம், "வாம்மா, நீ வந்தாத்தான் வீடே கலகலப்பா இருக்கு" என்பார். நான் பேசுவேன், அவள் கேட்பாள். அவள் எந்த ஊருக்கும் போகவில்லை. எழுதிக் காட்டுவதற்கு ஒரு சிலேட்டும் நானே வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று மதியம் வாத்தியாரம்மா அவளைப் பார்த்துவிட்டுப் போனாராம். சாயங்காலம் நான் போனபோது, என்னைக் கண்டதும் சிலேட்டை எடுத்து வேகவேகமாக எழுத ஆரம்பித்தாள். பல்பம் இரண்டு முறை உடைந்தது. உடம்பு தேறாத நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலேட்டை வாங்கி, படிக்காமலே துடைத்து, என் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு கொஞ்ச நேரம் அவள் தலையைக் கோதிவிட்டு வந்தேன்.

நான் கெட்டவள் என்றால் அவள் என்னை உள்ளே விடுவாளா மேடம்? இன்றுவரை வராதே என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள்.