சாக்பீஸ் கோட்டில் நின்றவர்

நாலேகால் மணி வெயிலுக்கு ஈடு கிடையாது, சார். சுமாரான மூஞ்சிக்குக்கூட அது ஒரு களை கொடுத்துவிடும். நீங்களே அந்த ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் நன்றாக இருப்பீர்கள். சரி, வேண்டாம்.

நான் கேமரா வாங்கியபோது தெருவில் என்ன பேசினார்கள் என்று இதற்குள் யாராவது உங்களிடம் ஓதியிருப்பார்கள். எங்கள் கட்டடத்தின் கீழே கடை வைத்திருந்த டெய்லர் அண்ணனின் மனைவி என் காதுபடவே சொன்னார்: "முன்னெல்லாம் சும்மா எட்டிப் பார்ப்பா. இப்ப பெட்டி வெச்சு எட்டிப் பாக்குறா."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. பாதி உண்மைதானே. யார் வீட்டுக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தெரியாதவர்களுக்குத் தெருப்படம் வராது. ஆளைத் துரத்திக்கொண்டு ஓடக் கூடாது. இடத்தைப் பிடித்து, வெளிச்சத்தைப் பிடித்து, உட்கார்ந்துவிட வேண்டும். ஆள் தானாக வருவார். "நில்லுங்க, திரும்புங்க" என்று வாயைத் திறந்தால் அது ஸ்டுடியோ படம். அந்த விஷயத்தில் நான் கறார்.

என் இடம் எங்கள் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே உள்ள சந்து. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. ஒரு முனையில் டெய்லர் கடையின் பின்கதவு, மறுமுனையில் தெருவைப் பார்த்த கம்பிக்கதவு. நாலேகாலுக்கு அந்தக் கம்பிகளுக்குள் வெயில் நுழைந்து தரையிலும் சுவரிலும் கோடு கோடாக நிழல் போடும். பதினோரு நிமிடம்தான். மாடிப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஃப்ரேமுக்குள் கதவு வராது, நிழல் மட்டும் வரும். நிழல் நன்றாக விழும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதற்கு ஃபோகஸ் வைத்தேன். உங்கள் ஆட்கள் போட்ட கோடு என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். இல்லை, நான் போட்டது.

டெய்லர் அண்ணன் தினமும் அந்த நேரத்துக்கு அந்தச் சந்து வழியாகத்தான் எதிரே இருக்கும் தன் வீட்டுக்குப் போவார். துணித்தூசியில் மூச்சு இழுக்க ஆரம்பித்திருக்கும். இன்ஹேலரோ வீட்டு அலமாரியில்.

"அதைக் கழுத்துல கட்டித் தொங்கவிடட்டுமா?" என்று அவர் வீட்டு அக்கா போடும் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"கழுத்துல ஏற்கெனவே டேப் தொங்குதுடி. வாடகைக்குக்கூட இடம் இல்ல."

கழுத்தில் அளவு டேப், ஒரு பக்கம் சாய்ந்த தோள். நல்ல உருவம். ஆனால் நடைதான் வேகம். ஒன்பது நாள் முயன்றேன். ஒரு படத்தில் முதுகு, இன்னொன்றில் பாதிச் செருப்பு. அடுத்த வாரம் வெயில் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போய்விடும். பிறகு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்காக அவரை நிற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கம்பிக்கதவின் சாவி என்னிடம்தான் இருக்கும். காலையில் திறப்பதும் ராத்திரி பூட்டுவதும் என் பொறுப்பு. பத்தாம் நாள் நாலு மணிக்கே பூட்டினேன்.

கடையின் பின்கதவை இழுத்துச் சாத்தினால் உள்ளிருந்துதான் திறக்க முடியும். அவர் வழக்கம்போல அதைச் சாத்திவிட்டு வந்து கம்பிக்கதவை ஆட்டிப் பார்த்தார். திரும்பிப் போய்ப் பின்கதவைத் தட்டினார். உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம் நடுவில், கிட்டத்தட்ட என் கோட்டிலேயே, சுவரில் கை ஊன்றி நின்றார். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி கம்பி. அப்படி ஒரு கம்போசிஷன் எனக்கு அதுவரை அமைந்ததில்லை.

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏம்மா... கதவு..." சத்தம் வரவில்லை. உதடுதான் அசைந்தது.

புதிதாகப் படம் எடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வார்கள். ஆள் லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தெருப்படம் ஆகாது. அவர் கண்ணை எடுக்கட்டும் என்று இருந்தேன். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை, மனிதர். அவர் சந்துக்குள் அடைபட்டிருந்தது ஒன்பது நிமிடம் என்று உங்கள் ஆள் சொன்னார். இருக்கலாம். பிறகு சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். தலை இறங்கியது. டேப் ஒரு நிழல்கோட்டின் மேல் அப்படியே போய்ப் படிந்தது. எடுத்தேன். ஒரே ஒரு படம்.

வெயில் போனதும் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். ஆட்களைக் கூப்பிட்டதும் நான்தான். ஓடி வந்த அக்காவைத் தாங்கிப் பிடித்ததும் நான்தான். "நீயாவது பாத்தியேம்மா," என்று என் கையை விடவே இல்லை அவர்.

இப்போது மணி நாலேகால் இருக்குமா, சார்? உங்கள் ஜன்னல் கம்பி என் கைமேல் விழ ஆரம்பித்துவிட்டது. நீங்கள் கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், பூட்டியது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எழுதுவதற்கு முன் படத்தை இன்னொரு தரம் பாருங்கள். நான் அவரை நிற்கச் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவில்லை. பூட்டு படத்திலேயே இல்லை.